புதைத்து வைத்த தாலந்து

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'தாலந்து' என்றொரு சொல் தமிழில் வழங்குகின்றது. கிறிஸ்தவ நேயர்களுக்கு இது தேவாலயத்திற் கேட்டுப் பழகிய சொல். ஏனையோருக்கு அத்துணை பழக்கம் இராது. நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். தமிழ் உரைநடையின் வளர்ச்சியை அறியும் பொருட்டு விவிலிய மொழிபெயர்ப்புகளைப் படிக்க நேர்ந்தபோதுதான் இச்சொல்லை முதன்முதலிற் சந்தித்தேன். மொழியாசிரியனுக்கே உரிய ஆவலோடு அதன் வேரைத் தேடிப் போனவன், சொல்லோடு நின்றுவிடாமல் அது வருகின்ற கதையிலும் அகப்பட்டுக்கொண்டேன். கடவுள் தந்த ஆற்றலைக் கிறிஸ்தவன் ஒருவன் எவ்வாறு கையாள வேண்டும், அவ்விடத்திலே தாழ்மை என்பதற்கு என்ன பொருள் என்ற வினா அக்கதையில் இருக்கின்றது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

'தலந்தொன்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தராசு, நிறை என்பன பழைய பொருள்கள். பின்னர் அது ஒரு குறிப்பிட்ட நிறையையும், அந்த நிறையுள்ள வெள்ளியின் பெறுமதியையும் குறிக்கலாயிற்று. ஒரு தாலந்து ஆறாயிரம் திராக்மாவுக்குச் சமம். யேசுநாதர் காலத்திலே திராக்மாவுக்கு ஏறத்தாழச் சமமான உரோம நாணயம் தெனாரியம். தெனாரியம் ஒன்று கூலியாள் ஒருவனின் ஒருநாட் சம்பளம் என்பதைத் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையிலிருந்து அறிகின்றோம். அப்படியானால் ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் நாட் கூலி. ஓய்வுநாட்களைக் கழித்துப் பார்த்தால் ஒரு மனிதனின் இருபது ஆண்டு உழைப்பு. இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனிக் கதை. இது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வருகின்றது. தூரதேசம் செல்லும் எசமான் ஒருவன் தன் ஊழியர் மூவரை அழைத்து ஒருவனிடம் ஐந்து தாலந்தும், இன்னொருவனிடம் இரண்டும், மூன்றாமவனிடம் ஒன்றும் ஒப்படைக்கின்றான். அவரவர் திறமைக்கு ஏற்ற அளவு. முதலிருவரும் வியாபாரஞ் செய்து பெற்றதை இரட்டிப்பாக்குகின்றனர். மூன்றாமவன் நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைக்கின்றான். நெடுநாளின் பின் எசமான் வந்து கணக்குக் கேட்கின்றான். ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் ஒரே பாராட்டு. புதைத்தவன் மட்டும் கடிந்துகொள்ளப்படுகின்றான். அவனிடமிருந்த ஒன்றும் பறிக்கப்படுகின்றது.

லூக்கா நற்செய்தியிலும் இதனை ஒத்த கதையொன்று உண்டு. அங்கே ஊழியர் பத்துப் பேர். ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கப்படுவது மினா என்ற பணத்தொகை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'இராத்தல்' என்று ஆக்கியிருக்கின்றது. இறாத்தல் என்றதும் நம்முடைய பிள்ளைகளுக்கு நினைவில் வருவது பாண்தான். மொழிபெயர்ப்பாளன் படும் பாட்டுக்கு இதுவும் ஓர் உதாரணம்.

ஆங்கிலத்திலே ஆற்றலுள்ள ஒருவரை 'டலண்ட்' உள்ளவர் என்கிறார்களல்லவா? அச்சொல்லின் இன்றைய பொருள் பிறந்தது இந்த உவமையிலிருந்துதான். போதகர்கள் நூற்றாண்டுக் கணக்காக இக்கதைக்கு விளக்கஞ் சொல்லிச் சொல்லி, வெள்ளியைக் குறித்த சொல் திறமையைக் குறிக்கலாயிற்று. சொல்லின் வயிற்றுக்குள்ளே கதை இன்னும் இருக்கின்றது. ஒருவரை 'டலண்ட்' உள்ளவர் என்று புகழும்போது, அவர் கையில் இருப்பது வேறொருவருடைய பணம் என்றும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

மூன்றாவது ஊழியனை நாங்கள் சோம்பேறி என்று இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம். எசமானும் அப்படித்தான் சொல்லுகின்றான். ஆனால் அவனைச் சற்று நின்று பாருங்கள். அவன் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. அக்காலத்திலே பணத்தைப் பாதுகாக்கும் வழி நிலத்திற் புதைப்பதே. எசமான் வந்ததும் குறையாமற் கொண்டுவந்து வைத்தான். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால், அடக்கமான மனிதன், தன் அளவறிந்தவன், பிறர் பொருளில் ஆசை வைக்காதவன் என்றே பேசிக்கொள்வோம். அங்கேதான் இந்தக் கதை நம்மைச் சுடுகின்றது. அவனுடைய அடக்கம் பயத்தின் மறுபெயர். எசமான் கடினமானவன் என்று அவனே வாய்விட்டுச் சொல்லுகின்றான். இன்னொன்று: தனக்குக் கிடைத்தது ஒன்றுதானே என்று அவன் நினைத்திருக்கக் கூடும். இருபது ஆண்டுச் சம்பளத்தை 'ஒன்றுதானே' என்று எண்ணுவது பணிவன்று. அது தந்தவனுக்குச் செய்கின்ற அவமதிப்பு.

இதைச் சொல்லும்போது தமிழிலக்கிய மாணவர்களுக்கு அவையடக்கம் நினைவுக்கு வரும். காப்பியத் தொடக்கத்தில் புலவன் தன்னைத் தாழ்த்திப் பாடுவது நமது மரபு. பாற்கடலைக் கண்ட பூனையோடு தன்னை ஒப்பிட்ட கம்பரை எல்லா வகுப்பிலும் படிப்பிக்கின்றோம். அந்தப் பூனையை விளக்கிய பின்பு ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றோம். அப்படிச் சொன்ன கம்பர் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார். அடக்கம் வாசலில் இருந்தது. வேலை வீட்டுக்குள் நடந்தது. நம்மிற் பலர் வாசலோடு நின்றுவிடுகின்றோம்.

தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில் இதை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றேன். நல்ல கட்டுரை எழுதும் பிள்ளையைக் கூப்பிட்டால், "எனக்கு ஒண்டும் தெரியாது சேர்" என்று தலையைக் குனிந்துகொள்ளும். வீட்டிலே அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். ஆசிரியர்கள் நாங்களும் அதை மெச்சுவோம். அடக்கமான பிள்ளை என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவோம். பிள்ளை பொய் சொல்லுகின்றது என்று எவரும் சொல்வதில்லை. தெரிந்ததைத் தெரியாது என்பது பொய்தானே?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தேவாலயப் பாடகர் குழுவிலே பாடிய மாணவி ஒருத்தி எங்கள் பாடசாலையில் இருந்தாள். மிக அருமையான குரல். யாராவது பாராட்டினால், "அது ஆண்டவர் தந்தது" என்பாள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒத்திகைக்கு வரமாட்டாள். ஆண்டவர் தந்ததற்கு ஒத்திகை எதற்கு என்று நினைத்தாள் போலும்! கதையில் முதலிரண்டு ஊழியர்களும் தாலந்தைப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. வியாபாரஞ் செய்தார்கள். வியாபாரம் என்றால் அலைச்சல்; நட்டம் வரலாம் என்ற அச்சம்; பிறரிடம் பேரம் பேசும் சிறுமை. இவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஈழத்திலே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்கவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறையைச் சேர்ந்த அவர் 1913இற் பிறந்தவர். உரோமாபுரியிற் கற்றுக் கத்தோலிக்கக் குருவானவர். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளை அறிந்த பின்புதான் தமிழிலக்கியத்தை அவர் ஆழமாகக் கற்கப் புகுந்தார். தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்தபோது, தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவனாக அமர்ந்து பாடங் கேட்டார். 1945இல், முப்பது வயதைத் தாண்டிய பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தம்மிலும் இளையவர்களோடு மாணவராகச் சேர்ந்தார். வெளிநாட்டிற் படித்து வந்த குரு ஒருவர், உள்ளூர்ப் பண்டிதரின் முன்னே ஏடும் கையுமாக இருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்துகொள்ளும் வரை உழைப்பதும் தாழ்மையின் ஒரு பாதிதான்.

மற்றப் பாதி அதன் பின் வந்தது. கற்றதை அவர் மறைத்து வைக்கவில்லை. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் அவர் முயற்சியாலே தொடங்கியது. 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கும், 1966இற் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடைபெறுவதற்கும் முன்னின்றவர்களில் அவர் தலையாயவர். அவர் ஒதுங்கி ஒடுங்கி நின்ற மனிதர் அல்லர். நாடு நாடாகச் சென்று தமிழைப் பற்றி உரத்துப் பேசியவர். எனினும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு வேலை. பதினேழாம் நூற்றாண்டிலே அந்தாவோ த புரொயென்சா என்ற யேசு சபைக் குரு ஒரு தமிழ்-போர்த்துக்கேய அகராதியை ஆக்கினார். அவர் இறந்த பின்பு 1679இல் அது அச்சேறியது. பின்னர் எவரும் எடுத்துப் பாராமற் கிடந்த அந்நூலை வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்து, 1966இற் கோலாலம்பூரிலே மீள்பதிப்பாக வெளியிட்டார் அடிகள். வேறொருவர் ஈட்டிய தாலந்தை மண்ணிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்த வேலை அது.

இலக்கிய நேயர்கள் இவ்விடத்தில் மில்ற்றனை எதிர்பார்ப்பார்கள். 1652 அளவிலே முற்றாகப் பார்வை இழந்த அவர், இந்த உவமையை வைத்தே ஒரு சொனற் பாடியிருக்கின்றார். எழுதும் ஆற்றல் தன்னுள் பயனற்றுக் கிடக்கின்றதே என்ற ஏக்கமும், காத்திருப்பதும் பணியே என்ற ஆறுதலும் அதிலே உண்டு. அதன் பின் பிறர் எழுத வாயாற் சொல்லிச் சொல்லியே 'பரடைஸ் லொஸ்ற்' காப்பியத்தை முடித்து 1667இல் வெளியிட்டார். ஆனாலும் மில்ற்றன் தாழ்மைக்குப் பேர்போனவர் அல்லர். இளமையிலேயே தம் பெயர் நிலைக்கும் என்று அச்சிற் சொன்னவர். ஆகையால் அவரை விட்டு, அதிகம் பேசப்படாத இன்னொருவரிடம் செல்கின்றேன்.

ஜெராட் மன்லி ஹொப்கின்ஸ் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்கள் பலரால் முன்னோடியாகக் கொள்ளப்படுபவர். ஆனால் அவர் இறந்தது 1889இல். தம் கவிதைத் தொகுதி ஒன்றைக்கூட அவர் கண்ணாற் கண்டதில்லை. ஒக்ஸ்போட்டிற் படிக்கும்போதே கவிதை எழுதியவர், 1866இற் கத்தோலிக்கரானார், 1868இல் யேசு சபையிற் சேர்ந்தார். சேருமுன், எழுதியிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். மேலதிகாரிகள் விரும்பிக் கேட்டாலன்றி இனிக் கவிதை எழுதுவதில்லை என்றும் தீர்மானித்துக்கொண்டார். குருவாக வேண்டியவனின் கடமைக்குள் கவிதை அடங்காது என்பது அவர் எண்ணம். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அந்தத் தீர்மானத்திலே நின்றார்.

இது தாலந்தைப் புதைப்பதா, அல்லது தந்தவனிடமே திருப்பி வைப்பதா? இந்த வினாவை நான் பல நாள் எண்ணியதுண்டு. என் கருத்தைச் சொல்லுகின்றேன்: எரித்தது மிகை. அவரிடம் எரிக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இளமையின் துறவுக்கு ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் தாழ்மையும் தன்முனைப்பும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கும். நல்லவேளையாக நண்பர்களிடம் இருந்த பிரதிகள் மூலம் சில கவிதைகள் தப்பின.

1875 டிசெம்பரில் 'டொய்ச்லாண்ட்' என்ற கப்பல் தேம்ஸ் நதி முகத்துக்கு அப்பாலுள்ள மணல்மேட்டிலே தட்டி உடைந்தது. ஜேர்மனியில் அப்போது நடைமுறையிலிருந்த கத்தோலிக்க எதிர்ப்புச் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறிய பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் அதில் மாண்டனர். வட வேல்சில் இறையியல் படித்துக்கொண்டிருந்த ஹொப்கின்ஸ் பத்திரிகையில் அதைப் படித்துக் கலங்கினார். யாராவது இதைப் பாடினால் நல்லது என்று இல்லத் தலைவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஏழாண்டு அடைத்து வைத்த மடை திறந்தது. ஆங்கில யாப்புக்குப் புதிதான ஓசையிலே முப்பத்தைந்து பாக்கள் கொண்ட நெடும்பாடல் பிறந்தது. அதை யேசு சபையினரின் சஞ்சிகைக்கே அனுப்பினார். ஏற்பதுபோல இருந்து பின்னர் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது விளங்கவில்லை.

இனி அவர் என்ன செய்தார் என்பதையே நான் விதந்து சொல்ல விரும்புகின்றேன். தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு திரியவில்லை. வேறு பதிப்பாளரைத் தேடி ஓடவும் இல்லை. அதே வேளை, பாட்டு நன்றாக அமையவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. நண்பர் றொபேட் பிறிட்ஜசுக்குப் பாட்டைக் காட்டினார். அவருக்கும் பிடிக்கவில்லை, இன்னொரு முறை படிக்க மாட்டேன் என்ற தோரணையில் எழுதினார். ஹொப்கின்ஸ் கோபப்படவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. தாம் கையாண்ட சந்தம் எப்படிப்பட்டது, ஏன் அப்படி அமைத்தேன் என்று அடி அடியாக விளக்கிப் பதில் எழுதினார். தம்மிடம் இருந்தது எவ்வளவு என்பது அவருக்குச் சரியாகத் தெரியும். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நேர்மையான தாழ்மை என்று ஒன்று இருக்குமானால் அந்தக் கடிதங்களில் இருக்கின்றது.

1884இல் அவரை டப்ளின் நகரத்துக்குக் கிரேக்கப் பேராசிரியராக அனுப்பினார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு அவருடைய இந்தக் காலம் நன்றாக விளங்கும். பரீட்சைக் காலத்தில் நூற்றுக்கணக்கான விடைத்தாள்கள் குவியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் புள்ளி, காற்புள்ளி அநீதி நேர்ந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவார். கண் நோகும், தலை வலிக்கும். உலகம் இன்றைக்கும் படிக்கின்ற கவிஞன் ஒருவன் விடைத்தாள் திருத்தியே நலிந்தான் என்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. பாடத்திட்டமும் பரீட்சையும் நம்மிடையே எத்தனை எழுத்தாளரை இப்படித் தின்றிருக்கின்றன என்பது தனிக்கதை. ஆனால் ஹொப்கின்ஸ் அந்த விடைத்தாள்களையும் தமக்கு ஒப்படைக்கப்பட்ட தாலந்தாகவே எடுத்துக்கொண்டார். மகிழ்ச்சியோடு எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காலத்தில் அவர் எழுதிய துயர சொனற்றுகளில், தம் முயற்சிகள் பலன் தரவில்லை என்று கடவுளோடு வழக்காடுகின்றார். தாழ்மையுள்ளவன் முறையிடமாட்டான் என்று நினைப்பவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும். தேவாரம் பாடிய நம் நாயன்மாரும் இறைவனோடு சண்டையிட்டவர்கள்தாமே.

அந்த இருண்ட ஆண்டுகளின் நடுவே, 1888இல், அவரிடம் ஒரு கவிதை கேட்டார்கள். அல்போன்சஸ் றொட்றிகஸ் என்ற யேசு சபைச் சகோதரர் அவ்வாண்டு புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தார். யார் இந்த அல்போன்சஸ்? ஸ்பெயின் நாட்டிலே கம்பளி வியாபாரம் செய்தவர். மனைவியும் பிள்ளைகளும் அடுத்தடுத்து இறந்தனர், வியாபாரமும் நொடித்தது. நாற்பது வயதை அண்மித்த காலத்தில் சபையிற் சேர வந்தபோது, குருவாவதற்கு வேண்டிய படிப்பு அவரிடம் இருக்கவில்லை. சாதாரண சகோதரராகச் சேர்த்து, மயோர்க்காத் தீவிலுள்ள கல்லூரியொன்றின் வாசற்காவலராக விட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கதவைத் திறப்பதும் மூடுவதும், வருவோரை உரியவரிடம் அனுப்புவதுமே அவர் வேலை. கதவு தட்டப்படும் போதெல்லாம் வெளியே நிற்பவர் ஆண்டவரே என்று எண்ணிக்கொண்டு எழுந்து போவாராம்.

ஐந்து தாலந்து, இரண்டு தாலந்து என்றெல்லாம் பேசுகின்றோம். கதவு திறக்கும் தாலந்தை எந்தப் போட்டியில் அளப்பது? 1605இல் அக்கல்லூரிக்குப் படிக்க வந்த பீற்றர் கிளேவர் என்ற இளைஞன், பேராசிரியர்களை விட்டு இந்த வாசற்காவலரிடம் வந்து ஆன்மிகம் கேட்டான். அமெரிக்கப் பகுதிகளுக்குப் போ என்று அவனைத் தூண்டியவர் அவரே. அவன் கார்த்தஹேனாத் துறைமுகத்துக்குப் போய், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாக இறக்கப்பட்டோருக்கு வாழ்நாள் முழுவதும் பணி செய்தான். வாசற்காவலரும் அந்த மாணவனும் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டது ஒரே நாளில்.

ஹொப்கின்ஸ் கேட்டபடியே ஒரு சொனற் எழுதி மயோர்க்காவுக்கு அனுப்பினார். போர்க்களத்துப் புகழையும், எவரும் காணாமல் ஒருவனுக்குள்ளே நடக்கும் போரையும் அதில் எதிரெதிரே வைத்துப் பாடினார். வாசலில் இருந்த அந்த முதியவரைப் பாடும்போது, டப்ளினில் விடைத்தாள்களோடு இருந்த தம்மையும் அவர் நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில், நாற்பத்து நான்கு வயதில், நெருப்புக் காய்ச்சலால் அவர் இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் பிறிட்ஜசிடம் சேர்ந்தன. முன்னர் அந்த நெடும்பாடலை மீண்டும் படிக்கவே மறுத்த அதே பிறிட்ஜஸ்தான், இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1918இல், அவற்றைத் தொகுத்து 750 பிரதிகள் அச்சிட்டார். அவை விற்று முடிய ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின.